பிரேக் வேனுக்கு அடுத்த பெட்டி

விழுப்புரம்
6-2-1961

அன்புள்ள பாஞ்சாலிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் ஒன்பது கடிகாரங்களும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் காந்திமதிக் குட்டியும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா?

ஒன்பது கடிகாரமா என்று விழிக்காதே. ரிட்டயர் ஆன மறுநாளே உன் மாமா தெருவில் ஓடாமல் கிடந்த கடிகாரத்தையெல்லாம் கேட்டு வாங்கி வந்து கூடத்தில் மாட்டிவிட்டார். முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் கார்டாக இருந்தவருக்கு நின்று போன கடிகாரத்தைக் கண்டால் சோறு இறங்காதாம். பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு ஓட வைக்கிறார். எல்லாம் ஓடுகின்றன, ஆனால் ஒன்பதும் ஒன்பது நேரம் காட்டுகின்றன. பகல் பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்தால் அடித்து முடியக் கால் மணி நேரம் ஆகிறது. இது போதாதென்று, சாப்பாட்டுக்கு இலை போடச் சொல்ல விசில் ஊதுகிறார். சத்தியமாக விசில்தான். எதிர்வீட்டு அம்மாள், "இன்னா அக்கா, உங்க வீட்டு வண்டி கெளம்பிடுச்சா?" என்று தினமும் கேட்கிறாள்.

அது கிடக்கட்டும், சேதியைக் கேள். இலவச ரயில் பாஸ் வந்துவிட்டது! ரிட்டயர் ஆனவர்களுக்கும் வருஷத்துக்கு இரண்டு பாஸ் உண்டாம், புருஷன் பெண்ஜாதி இரண்டு பேருக்கும். மாசி மாதம் போட் மெயிலில் தனுஷ்கோடி போகிறோம். எனக்கு நான்கு நாளாகத் தூக்கமே இல்லை.

உனக்குத் தெரியும். கல்யாணம் ஆனதிலிருந்து நான் ரயில் ஏறினால் அது அவர் வேலை பார்க்கிற வண்டியாகத்தான் இருக்கும். வண்டியின் கடைசியில் கார்டுக்கென்று உள்ள பெட்டி, அவருடைய பிரேக் வேன். அதற்கு அடுத்த பெண்கள் பெட்டியில் என்னை ஏற்றிவிட்டுப் போய்விடுவார். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கையில் கொடியோடு வந்து, "தண்ணி வேணுமா, காபி வேணுமா?" என்று ஜன்னலில் எட்டிப் பார்ப்பார். நான் பதில் சொல்வதற்குள் விசில் கேட்கும். ஊதுவதும் அவரேதான். உன் பிள்ளைப்பேறுக்குத் திண்டிவனம் வந்தபோதும் அப்படித்தான் வந்தேன். ரயிலில் அவரை நான் ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறேன் பாஞ்சாலி.

ராமநாதசுவாமி தரிசனம் எனக்கு இரண்டாம் பட்சம், சாமி கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை ரயிலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு போக வேண்டும். இதுதான் என் ஆசை. ஐம்பதை நெருங்குகிற வயசில் இது என்ன ஆசை என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.

புளிசாதத்துக்குப் புளி கரைக்க நேரமாகிவிட்டது என்று ஏழாவது கடிகாரம் சொல்கிறது.

உன் அக்கா
தையல்நாயகி

*

திண்டிவனம்
13-2-1961

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். உங்கள் வீட்டு ஒன்பதுக்கும் திருஷ்டி சுற்றிப் போடு.

கடிதத்தைப் படித்துவிட்டுக் குதித்தேன். "இன்னாடி, பொதையல் கெடச்சுடுச்சா?" என்றார் இவர். மல்லாட்டை மண்டியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், தலையெல்லாம் நிலக்கடலைத் தூசி. "எங்க அக்கா மாமாவோட டூர் போறா" என்றேன். "நம்பளும் போலாமே" என்றார். அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இவரோடு ரயிலில் போன கஷ்டம் எனக்குத்தானே தெரியும்! செங்கல்பட்டு தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்துவிடுவார். ஜாக்கெட் நனைகிற மாதிரி எச்சில். விலக்கினால் குழந்தை மாதிரி மறுபடி வந்து ஒட்டிக்கொள்வார்.

உன் ஆசையைப் பார்த்து நான் சிரிக்கவில்லை அக்கா. நீ ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. தீபாவளிப் புடவையில்கூட நான் வேண்டாம் என்று ஒதுக்கிய நிறம்தான் உனக்கு வரும்.

அந்த மாம்பழக் கலர்ப் புடவையைக் கட்டிக்கொள். ஜன்னல் ஓரத்தை மாமாவுக்கு விட்டுக்கொடுத்துவிடாதே. அவர் பார்க்காத ரயிலா! ஒன்று விடாமல் எழுத வேண்டும். மாமா என்ன சொன்னார், நீ என்ன சொன்னாய், எல்லாம்.

உன் அன்புத் தங்கை
பாஞ்சாலி

*

விழுப்புரம்
20-3-1961

அன்புள்ள பாஞ்சாலிக்கு,

பத்திரமாய்ப் போய் வந்தோம். வீட்டில் கடிகாரம் அத்தனையும் நின்றுபோயிருந்தன, நாங்கள் இரண்டு பேரும்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் எல்லாரும் எப்படி?

எங்கே ஆரம்பிப்பது? பாம்பன் பாலத்தில் ஆரம்பிக்கிறேன். பொழுது விடிந்து மண்டபம் தாண்டியதும் வண்டி ஆமை மாதிரி ஊர்கிறது. கீழே பார்த்தால் தரை இல்லையடி! தண்டவாளத்துக்குக் கீழே கடல், பச்சை பச்சையாய். காற்று முந்தானையைப் பிடுங்குகிறது. என் பக்கத்தில் லூர்துமேரி என்று ஒரு மீனவர் வீட்டு அம்மாள், கருவாட்டுக் கூடையோடு. கப்பல் வந்தால் பாலம் வாயைத் திறந்து வழிவிடும் என்று அவள்தான் சொன்னாள். கூடை நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்தவள், பாலம் முடிவதற்குள் அவளுக்கு என் புளிசாதத்தில் பாதியைக் கொடுத்துவிட்டேன். அவள் கொடுத்த கருவாட்டை இப்போதும் வைத்திருக்கிறேன். எதிரில் ஒரு புதுப்பெண், மூன்று குழந்தைகளோடு அவள் நாத்தனார். மூன்றும் மாறி மாறி என் மடியில். தனுஷ்கோடி வரை ஒரே சிரிப்பு.

ராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு கிணற்றிலும் தீர்த்தமாடினோம். உன் மாமா கையில் கடிகாரத்தோடு ஈரவேட்டியில் நின்று, "இருபத்திரண்டும் நாப்பத்தேழு நிமிஷம், பரவாயில்ல" என்றார். பக்கத்தில் நின்ற அய்யர் அவரை ஏதோ ஆபீசர் என்று நினைத்துக் கும்பிட்டார். தனுஷ்கோடியில் இலங்கைக் கப்பல் வந்ததும் என்னைப் பார்த்து முதலில் சொன்னது, "பதினோரு நிமிஷம் லேட்டு". அந்த மணலில் இரண்டு பேரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மைல் நடந்தோம். எனக்குச் சங்கு பொறுக்கிக் கொடுத்தார்.

வண்டியில் போக வர ரொம்ப சௌகரியம்.

வந்த கையோடு தலையணை உறையில் பூவேலை போட உட்கார்ந்துவிட்டேன். பாம்பன் பாலத்தில் ரயில் போகிற மாதிரி. உன் வீட்டுக்காரர் மண்டி வேலையாக வந்தபோது கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அலைக்கு மட்டும் மூன்று நீலம் போட்டிருக்கிறேன், பார்.

உன் அக்கா
தையல்நாயகி

*

திண்டிவனம்
3-4-1961

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். காந்திமதி பரீட்சை எழுதுகிறாள்.

தலையணை உறை வந்தது. என்ன கை அக்கா உனக்கு! அலை அசைகிற மாதிரியே இருக்கிறது. இவர் அதில் தலை வைக்கக் கூடாது என்று பெட்டியில் பூட்டிவிட்டேன். எச்சில் பட்டால் பாம்பன் பாலமே முழுகிவிடும்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ரயில் ஜன்னலில் கொண்டை போட்ட தலை ஒன்று தெரிகிறது, அது நீதான். மாமா எங்கே?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கருவாட்டுக்காரி என்ன சொன்னாள் என்று எழுதியிருக்கிறாய். பாலத்தில் மாமா என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. ஜன்னல் ஓரம் யாருக்கு? ரயிலில் குறட்டை விட்டாரா? ஆசைப்பட்டதைப் பற்றி ஒன்றும் எழுதாமல் ஊரில் இருக்கிற கிணற்றையெல்லாம் எண்ணி எழுதியிருக்கிறாயே!

பதிலை உடனே எழுது.

பாஞ்சாலி

*

விழுப்புரம்
12-5-1961

அன்புள்ள பாஞ்சாலிக்கு,

இங்கே வெயில் ஒன்றுதான் குறை, மற்றபடி சுகம். காந்திமதி பாஸாகியிருப்பாள், நம்ம வீட்டுப் பெண்ணாச்சே.

மாமாவின் தலையை வைக்க நூல் தீர்ந்துவிட்டது. அதுதான் விஷயம்.

இங்கே பெரிய கூத்து. கடிகாரங்கள் பதினொன்று ஆகிவிட்டன. பதினொன்றாவது குயில் கூவுகிற கடிகாரம், யாரோ வெள்ளைக்காரர் விட்டுப் போனதாம். உன் மாமா பழுது பார்த்ததில் குயில் வெளியே வந்தது, திரும்பி உள்ளே போகவில்லை. இரண்டு நாளாக வாயைத் திறந்தபடி கூடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நானும் கொல்லையில் டிசம்பர் பூச்செடி வைத்திருக்கிறேன், மூன்று நிறம். அதற்குத் தண்ணீர் ஊற்றும் நேரத்தையும் நோட்டில் எழுதுகிறார்.

நல்ல சேதி கேள். இன்னொரு பாஸ் இருக்கிறதே, ஆடிச் சாரலுக்குக் குற்றாலம் போகிறோம்! அங்கிருந்து மலைக்குள் ரயில் போகுமாம், குகையெல்லாம் உண்டாம். இந்தத் தடவை பார்.

நீ கேட்ட மற்றதற்குப் பிறகு எழுதுகிறேன். பால்காரர் வந்துவிட்டார்.

தையல்நாயகி

*

விழுப்புரம்
2-8-1961

அன்புள்ள பாஞ்சாலிக்கு,

குற்றால நீரில் குளித்துவிட்டு வந்த உன் அக்கா எழுதுகிறேன். உடம்பில் ஒரு வலி பாக்கியில்லை. உங்களுக்கெல்லாம் எப்படி இருக்கிறது?

அருவி என்று வாயால் சொல்கிறோமே, அதன் கீழே போய் நின்றால்தான் தெரிகிறது. தலையில் யாரோ நூறு பேர் ஒரே நேரத்தில் உரலில் குத்துகிற மாதிரி. "அம்மாடி" என்று கத்தினேன், எனக்கே கேட்கவில்லை. உன் மாமா ஆண்கள் பக்கம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்று, விசில் ஊதினார்! போலீஸ்காரர் ஓடி வந்துவிட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து அருவியிலேயே மூச்சு முட்டியது. சாரல் விழுந்துகொண்டே இருக்கிறது, வெயிலும் அடிக்கிறது. மங்குஸ்தான் பழம் தின்று நாக்கு, விரல், முந்தானை எல்லாம் கறை.

நான்காம் நாள், "மலைய கொடஞ்சு வழி போட்டுகிறான், வா காட்டுறேன்" என்று செங்கோட்டை தாண்டி ரயிலில் அழைத்துப் போனார். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், பள்ளத்தில் தேக்கு மரங்களின் தலை. மூங்கில் ஜன்னலை உரசுகிறது. திடீரென்று யாரோ விளக்கை ஊதி அணைத்த மாதிரி இருட்டு! குகை! புகை மூக்கில் ஏறுகிறது, குழந்தைகள் எல்லாம் அலறுகின்றன, சக்கரச் சத்தம் நெஞ்சுக்குள் கேட்கிறது. முடியவே மாட்டேன் என்கிறது. பயத்தில் பக்கத்திலிருந்த கையைப் பிடித்துக்கொண்டேன். சூடான, கெட்டியான கை. அந்தக் கையும் என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டது. வெளிச்சம் வரும் வரைக்கும் விடவில்லை.

மறக்க முடியாது பாஞ்சாலி.

காந்திமதிக்கு ஒரு மரச்செப்பு வாங்கியிருக்கிறேன். யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அக்கா
தையல்நாயகி

*

திண்டிவனம்
7-8-1961

என் அருமை அக்காவுக்கு,

நாங்கள் நலமா என்று கேட்காதே. நான் தரையில் இல்லை!

கையைப் பிடித்துக்கொண்டாயா! அவரும் அழுத்திப் பிடித்தாரா! அடி ஆத்தாடி, இத்தனை வருஷம் கொடியையும் விளக்கையும் பிடித்த மாமாவின் கைக்கு இது வேறு தெரியுமா? இவரிடம் படித்துக் காட்டினேன். "கார்டு மாமா சிக்னல் குடுத்துட்டாரு" என்று விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீ ஆசைப்பட்டது கிடைத்துவிட்டதே, அதுதான்.

அடுத்த தலையணை உறையில் குகையைப் போடு. கறுப்பு நூல் மட்டும் இருந்தால் போதும். உள்ளே என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது!

வெளியே வந்ததும் மாமா முகம் எப்படி இருந்தது? அதைச் சொல், அது போதும்.

பாஞ்சாலி

*

தபால் கார்டு
திண்டிவனம்
26-9-1961

அக்கா, சுகமா? ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் கேலி செய்தது அதிகமா? கோபம் என்றால் திட்டியாவது எழுது. தபால்காரரைப் பார்த்துப் பார்த்து என் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

பாஞ்சாலி

*

விழுப்புரம்
9-10-1961

அன்புள்ள பாஞ்சாலிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. நான்கு தடவை எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். உன்மேல் எனக்கு எதற்குக் கோபம்?

அந்தக் கை உன் மாமா கை இல்லை.

புனலூருக்குப் போகிற சவுரியம்மாள் என்று ஒரு வயசான ஆயாம்மாள், அவள் கை. உன் மாமா பிரேக் வேனில் இருந்தார்.

தனுஷ்கோடிக்கும் அப்படித்தான். வண்டி வந்து நின்றது. மாம்பழக் கலர்ப் புடவையில் நான் நிற்கிறேன். உன் மாமா கால் தானாகப் பின்பக்கம் நடந்தது. "ஏறு ஏறு, ஜல்தி. லேடீஸ்ல குந்திக்கோ. நான் பின்னாலதான் இருக்கேன், பேஜாரு படாத" என்றார். கார்டுகள் எல்லாரும் அவர் பழக்கிவிட்ட பிள்ளைகள், "வாங்க சார், வாங்க சார்" என்று கையைப் பிடித்து ஏற்றிக்கொள்கிறார்கள். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்து, "தண்ணி வேணுமா, காபி வேணுமா?" கையில் கொடி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாலத்தில் கடலைப் பார்த்ததும், "ஏங்க, பாருங்களேன்" என்று திரும்பிவிட்டேன். கருவாட்டுக் கூடை இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

அவர் கெட்டவர் இல்லை. மணலில் சங்கு பொறுக்கிக் கொடுத்தாரே. அவருக்குத் தெரியவில்லை, அதுதான். நீயே கேட்டால் என்ன என்பாய். கேட்டு வாங்குவதற்கு அது என்ன புடவையா? பக்கத்தில் உட்காருங்கள் என்று ஒரு பெண்ஜாதி முப்பது வருஷத்துக்கு அப்புறம் எப்படிக் கேட்பாள்?

நீ அவ்வளவு சந்தோஷப்பட்டு எழுதியதும் எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இந்த வருஷத்து பாஸ் இரண்டும் முடிந்தது. போகட்டும், இரண்டு ஊர் பார்த்தாயிற்று.

குயில் உள்ளே போய்விட்டது. இப்போது வெளியே வர மாட்டேன் என்கிறது.

தையல்நாயகி

*

திண்டிவனம்
14-10-1961

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்குப் பாஞ்சாலி வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் உடம்பும் கடிகாரங்களும் சௌக்கியமா?

தீபாவளிக்கு அக்காவை அழைத்துக்கொண்டு இங்கே வர வேண்டும். பாஸ் இல்லை என்று சொல்லக் கூடாது, திண்டிவனம் என்ன காசியா?

இன்னொரு விஷயம். கொழுந்தியாளுக்கு வாய் நீளம் என்று கல்யாணப் பந்தலிலேயே சொன்னீர்கள். அந்த வாயால்தான் கேட்கிறேன். குகையில் அக்கா பயந்துபோய் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள், தெரியுமா? சவுரியம்மாள் என்று யாரோ ஒரு ஆயாம்மாளின் கை. நான் அதை உங்கள் கை என்று நினைத்து இந்த ஊரெல்லாம் சிரித்தேன். உங்கள் கை என்றே அவளும் கொஞ்ச நாள் விட்டுவைத்தாள். அவ்வளவு ஆசை.

வண்டியின் கடைசிப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று முப்பத்திரண்டு வருஷம் பார்த்தீர்கள். அதற்கு முந்தின பெட்டியில் எங்கள் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள் மாமா. ரிட்டயர் ஆன பிறகாவது பக்கத்தில் வந்து உட்காருவீர்கள் என்று பிப்ரவரியிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறாள். அவள் கேட்க மாட்டாள். அதனால் நான் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தை அவளிடம் காட்ட வேண்டாம். தப்பாக எழுதியிருந்தால் தீபாவளிக்கு வந்து திட்டுங்கள், அதிரசம் செய்து வைக்கிறேன்.

தங்கள்
பாஞ்சாலி

*

விழுப்புரம்
19-10-1961

சௌபாக்கியவதி பாஞ்சாலிக்குப் பெரியதம்பியின் ஆசீர்வாதம். சகலை சீனுவாசனுக்கும் குழந்தைக்கும் என் விசாரிப்பு.

உன் கடிதம் 16-ம் தேதி பகல் 11.40-க்குக் கிடைத்தது. மூன்று நாள் லேட்டாகப் பதில் எழுதுகிறேன். லேட்டுக்குக் காரணம் நான்தான், தபால் இலாகா அல்ல.

ரிப்போர்ட் பின்வருமாறு.

பிரேக் வேனுக்கு அடுத்த பெட்டிதான் வண்டியிலேயே பத்திரமான பெட்டி. கார்டின் கண் பார்வையில் இருப்பது. அதனால்தான் பெண்கள் பெட்டியை அங்கே கோப்பது. ரயிலில் அதைவிட நல்ல இடம் கிடையாது என்று நம்பித்தான் உன் அக்காவை எப்போதும் அங்கே வைத்தேன். ஸ்டேஷனில் வண்டி நின்றதும் நான் முதலில் பார்த்தது அந்த ஜன்னலைத்தான், அப்புறம்தான் சிக்னலை. இதை ரயில்வேக்காரர் யாரிடமும் சொல்லிவிடாதே.

அந்தப் பெட்டியில் அவள் தனியாக இருந்தாள் என்று நீ எழுதிய பிறகுதான் எனக்குத் தெரியும். குகை விஷயத்தைப் படித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். கஷ்டமாக இருந்தது.

தீபாவளிக்கு வருகிறோம். பாஸ் இல்லாதது நல்லதாகப் போயிற்று. பாஸ் இருந்தால் நான் ரயில்வேக்காரன். டிக்கெட் வாங்கினால் பாசஞ்சர். பாசஞ்சர் பிரேக் வேனில் ஏறக் கூடாது என்பது ரூல். ரூலை நான் மீறியதில்லை. ஆகவே வாழ்க்கையில் முதல் தடவையாக டிக்கெட் வாங்கப் போகிறேன்.

ஒரு சந்தேகம். வண்டிக்குள் குடும்பத்தோடு உட்கார்ந்தால் என்ன பேசுவது? எனக்குப் பழக்கமில்லை. சகலையைக் கேட்டு எழுதவும்.

இப்படிக்கு
பெரியதம்பி
(ஓய்வு பெற்ற கார்டு)

*

விழுப்புரம்
17-11-1961

என் தங்கமே பாஞ்சாலி,

வந்து சேர்ந்தோம். நீ கட்டிக் கொடுத்த அதிரசம் உடையவில்லை. எல்லாரையும் நேற்றுத்தான் பார்த்துவிட்டு வந்தேன், அதனால் சுகம் விசாரிப்பதை விட்டுவிடுகிறேன். சொல்ல வேண்டியது வேறு, இப்போதே சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

தீபாவளிக்கு வரும்போது நடந்ததை நீயே பிளாட்பாரத்தில் பார்த்தாய். இங்கே கவுண்டரில் வரிசையில் நின்று இரண்டு டிக்கெட் வாங்கினார். என்னோடு பொதுப் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். எனக்குக் கை கால் ஓடவில்லை. முண்டியம்பாக்கத்தில் வண்டி நின்றதும், "ஒரு நிமிஷம்" என்று இறங்கினார். வண்டி கிளம்பியும் ஆளைக் காணோம். திண்டிவனத்தில் பிரேக் வேனிலிருந்து டிக்கெட்டும் கையுமாக இறங்கி வருகிறார், திருட்டுப் பூனை மாதிரி! "கால் தானா பூடுச்சு, தையலு. ரூலையும் மீறிட்டேன்" என்றார். நீ அவரை ஒரு பார்வை பார்த்தாயே, அதற்கு ரயிலே நின்றிருக்கும். உன் வீட்டில் இரண்டு வேளை அவர் சரியாகச் சாப்பிடாதது அதனால்தான். அதிரசம் நன்றாகத்தான் இருந்தது.

நேற்று நீ வழியனுப்பும்போது அவர் உள்ளே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கையாட்டினாய். நீ பார்த்தது அவ்வளவுதான். மிச்சத்தைக் கேள்.

வண்டி நகர்ந்ததும் அவர் கை தூக்கிக்கொண்டது, கொடி காட்டுகிற மாதிரி. சட்டென்று இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். மயிலத்தில் வண்டி நின்றது. எழுந்தார். நான் தடுக்கவில்லை. நின்றபடியே என்னைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். பேரணி ஸ்டேஷனில் அந்த வண்டியின் கார்டே ஜன்னலுக்கு வந்துவிட்டான், சவுரிராயன் என்று பெயர். இவரிடம் தொழில் கற்றுக்கொண்ட பிள்ளை.

"இன்னா சார், இங்க குந்திக்கினு இருக்கீங்க? வேனுக்கு வாங்க, பிளாஸ்க்ல டீ வச்சிருக்கேன்."

உன் மாமா சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார். "நான் பாசஞ்சருப்பா. ஊட்டுல கூட வந்திருக்காங்க. நீ போய் உன் வேலையப் பாரு."

அவன் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு காபி எதுனா வேணுமா?" என்று கேட்டான். "நான் கேட்டுக்கறேன்" என்றார். கேட்கவும் செய்தார்! கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து. நான் பதில் சொல்லி முடிக்கும் வரை விசில் ஊதவில்லை. வேண்டாம் என்றேன்.

விக்கிரவாண்டி தாண்டியது. மழை விட்டு வெயில் பளீரென்று அடிக்கிறது, இரண்டு பக்கமும் நெல் வயல். ஜன்னல் ஓரம் எனக்கு. அவர் ரொம்ப நேரம் தொண்டையைக் கனைத்தார். அப்புறம், "கண்ண மூடிக்கோ" என்றார்.

"எதுக்குங்க?"

"கொகை வருது."

"விக்கிரவாண்டியில ஏதுங்க கொகை?"

"முப்பத்திரண்டு வருஷமா இந்த லைன்ல ஓடனது நானா நீயா? மூடிக்கோன்னா."

மூடினேன். என் கையைப் பிடித்தார் பாஞ்சாலி. விளக்கு பிடித்துக் காய்த்துப்போன கை. பகல் வெளிச்சத்தில், ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிற பெட்டியில்! எதிர்ச்சீட்டு அம்மாள், "அம்மாவுக்கு மயக்கமா?" என்று கேட்கிறாள். "இல்லம்மா, கொகை" என்று உன் மாமா பதில் சொல்கிறார். எனக்குச் சிரிப்பு, அழுகை இரண்டும் ஒன்றாக வந்தன. கண்ணைத் திறக்கவில்லை.

"கொகை எவ்ளோ நீளம்?" என்றேன்.

"முண்டியம்பாக்கம் வரைக்கும்."

முண்டியம்பாக்கத்தில் வண்டி நான்கு நிமிஷம் லேட் என்று பிளாட்பாரத்தில் பேசிக்கொண்டார்கள். உன் மாமா கவனிக்கவே இல்லை. கடிகாரம் கட்டிய கை என்னிடம் இருந்தது. விழுப்புரம் வரைக்கும் விடவில்லை.

குகை சமாச்சாரம் உனக்குத்தான் எழுதினேன். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? உளறுவாய்க்காரி. நீ நன்றாயிருக்க வேண்டும்.

அந்தத் தலையணை உறையைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுத்த ஆளிடம் கொடுத்தனுப்பு. ஜன்னலில் இன்னொரு தலை வைக்க வேண்டும். நூல் தீர்ந்துவிட்டது என்று அன்றைக்கு எழுதியது பொய். உன் மாமாவின் வழுக்கைக்கு எவ்வளவு நூல் வேண்டும்?

உன் அக்கா
தையல்நாயகி